முதலில் தண்ணீரை எண்ணுங்கள்: பாலைவனப் பயணத்திற்கு நான்கு சந்திப்புகள்

விடுதி அறையில் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, 20 பக்கங்கள் கொண்ட பகடையை உருட்டி, இல்லாத நாடொன்றில் பயணம் செய்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதுதான் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-இல் வெளிவந்த ஆட்டம். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு கதைப்பாத்திரமாகப் பேசுவார்கள். அந்த உலகத்தையும் அதில் எதிர்ப்படும் மற்ற எல்லாரையும் ஒருவர் நடத்துவார். அவரை ‘கேம் மாஸ்டர்’ என்பர். எங்கள் குழுவில் அந்தப் பொறுப்பு என்னுடையது. நாங்கள் தமிழிலேயே ஆடுகிறோம்.

சென்ற பருவத்தில் என் நண்பர்களை முதன்முறையாகப் பாலைவனத்திற்குள் அழைத்துச் சென்றேன். ஒரே இரவில் மூன்று சண்டைகள். மூன்றிலும் இராட்சதத் தேள்கள். இரண்டாம் சண்டையிலேயே ஒருவன் கைத்தொலைபேசியை எடுத்துவிட்டான். ஆட்டம் முடிந்ததும் இன்னொருவன் கேட்டான்: “டேய், இதே தேளைக் காட்டில் விட்டிருந்தாலும் இதே கதைதானே?” எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் இருவர் வரவில்லை. குழுவே கலைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் விதிநூலை மறுபடியும் புரட்டினேன்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதி இது: ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 கேலன் தண்ணீர் வேண்டும், வெயில் காலத்தில் 2 கேலன், அதாவது ஏறக்குறைய ஏழரை லிட்டர். ஒரு தோற்பையில் அரை கேலன்தான் கொள்ளும். ஆக, ஒருவருக்கு ஒரு நாளைக்கே நான்கு பைகள் தேவை. நிரம்பிய பை ஒன்று இரண்டேகால் கிலோவுக்கும் மேல். மூன்று நாள் பயணம் என்றால் பன்னிரண்டு பைகள், சுமார் 27 கிலோ! பாதித் தண்ணீரில் சமாளித்தால், உடல் உறுதிக்குப் பகடை உருட்டி 15-ஐ எட்ட வேண்டும். தவறினால் ஒரு களைப்பு நிலை கூடும். பாதிக்கும் குறைவென்றால் பகடையே கிடையாது, களைப்பு நிச்சயம். ஆறாம் நிலை மரணம்.

“எங்களிடம் தண்ணீர் வரவழைக்கும் மந்திரம் இருக்கிறதே!” என்று ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். கிளெரிக் என்னும் அருளாளர் முதல் நிலை மந்திரம் ஒன்றால் 10 கேலன் வரவழைக்கலாம். நால்வருக்குத் தேவை 8 கேலன்தான். பல கேம் மாஸ்டர்கள் இதற்குப் பயந்து அந்த மந்திரத்தையே தடை செய்கிறார்கள். அது தேவையில்லை என்பது என் கருத்து. தொடக்க நிலை அருளாளருக்கு நாளொன்றுக்கு இரண்டு மந்திரங்களே உண்டு. ஒன்று தண்ணீருக்குப் போனால், காயம் ஆற்ற மிச்சம் ஒன்றுதான். அதோடு, தண்ணீர் உள்ளவரைத் தேடித் தண்ணீர் இல்லாதவர் வருவார். பாலைவனக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கீழ்க்காணும் நான்கு சந்திப்புகளும் தொடக்க நிலைப் பாத்திரங்கள் நால்வருக்கானவை. அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

1. மூடிய கிணறு
கற்பலகையால் மூடிய கிணறு. பக்கத்தில் ஒரு கிழவியும் இரண்டு பேரப்பிள்ளைகளும். கிணற்றில் இருப்பது 6 கேலன். ஓர் இரவு கழிந்தால்தான் மீண்டும் ஊறும். நாளை நண்பகலில் கிழவியின் கூட்டத்தார் பத்துப் பேர் வந்து சேர்வார்கள். அவளால் சண்டையிட முடியாது; கேட்க மட்டுமே முடியும். முழுவதையும் எடுத்தால், இரண்டு நாள் கழித்து அந்தக் கூட்டத்தார் ஒட்டகங்களில் துரத்தி வருவார்கள். அளவோடு எடுத்தால், மூத்த பேரன் வழிகாட்டியாக உடன் வருவான். மந்திரத்தால் கிணற்றை நிரப்பிக் கொடுத்தால் செய்தி பரவும். அதன் பிறகு, வழியில் பார்க்கும் ஒவ்வொருவரும் அருளாளரைத் தேடி வருவார்கள்.

2. வறண்ட ஆறு
அரபு நாடுகளில் ‘வாடி’ என்பர். நிழலுள்ள, நடக்க எளிதான மணல் ஆற்றுப்படுகை. தொலைவிலுள்ள மலையில் பெய்த மழை, இங்கே ஒரு துளி விழாமலேயே வெள்ளமாக வந்து சேரும். பாலைவனத்தில் மூழ்கி இறப்பவர்கள் உண்மையிலேயே உண்டு. கூர்ந்து கவனிக்கப் பகடை உருட்டச் சொல்லுங்கள், இலக்கு 13. வென்றவருக்கு எறும்புகள் கரையேறுவதும் தூரத்து உறுமலும் தெரியும். பிறகு மூன்று சுற்றுகள். ஒரு சுற்றில் ஒரு செயல்தான்: கரையேறலாம், ஒட்டகத்தை அவிழ்க்கலாம், மூட்டையைத் தூக்கலாம். கீழே நிற்பவருக்கு வலிமைப் பகடை, இலக்கு 14. தோற்றால் மூன்று ஆறுபக்கப் பகடை அளவு காயம். வெள்ளம் வடிந்ததும் எங்கும் சேற்றுக் குட்டைகள். வடிகட்டிப் பைகளை நிரப்பலாம்.

3. பேய்த்தேர்
கானல்நீருக்குப் பழந்தமிழில் இப்படியொரு பெயர் உண்டு. “தொலைவில் பேய்த்தேர் தெரிகிறது” என்று நான் சொன்னதும் நால்வரும் வாளை உருவினார்கள்! பொருளை விளக்கிய பிறகு, அவர்கள் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. தரையையொட்டிய சூடான காற்று ஒளியை வளைப்பதால், வானம் மணலில் தண்ணீர்போலத் தெரிகிறது. சந்திப்பு இதுதான்: களைப்பின் உச்சத்தில் இருக்கும் வழிகாட்டி அதை உண்மை என்று நம்பி, இரண்டு தோற்பைகளோடு ஓடுகிறான். பின்தொடர்ந்தால் அரை நாள் தண்ணீர் செலவாகும். விட்டுவிட்டால் பைகளும் போகும், வழி தெரிந்தவனும் போவான். இதில் எதிரி யாரும் இல்லை.

4. புயல் திறந்த வாசல்
மணற்புயல் ஓய்ந்ததும், புதைந்திருந்த கல்வாசல் ஒன்று தெரிகிறது. காற்று மறுபடி திரும்பியிருக்கிறது. விடிவதற்குள் மணல் அதை மூடிவிடும். உள்ளே குளிர்ச்சி, பழைய நாணயங்கள், காய்ந்துபோன தொட்டி. அந்தக் குளிர்ச்சியைத் தேடி முன்பே வந்திருப்பது ஓர் இராட்சதத் தேள். அது மூன்றாம் அறையில் கிடக்கிறது. ஒவ்வோர் அறையும் ஒரு மணி நேரம், ஆளுக்குக் கால் பை தண்ணீர். எந்த அறையோடு திரும்புவது என்பதை ஆட்டக்காரர்களே முடிவு செய்யட்டும். தேள் வேண்டுமென்றால் ஒன்றே போதும்; அது அங்கே இருப்பதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

ஓர் இரவில் இரண்டு சந்திப்புகளுக்கு மேல் வைக்காதீர்கள். தண்ணீர்க் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி ஒரே தாளில் எழுதி நடுவில் வையுங்கள். நாங்கள் அரை கேலனுக்கு ஒரு புளியங்கொட்டை என்று வைத்துக்கொண்டோம். கொட்டை குறையக் குறையப் பேச்சும் குறைந்தது. கைத்தொலைபேசியை எடுத்த அதே நண்பன், மூடிய கிணற்றருகே, “நாளைக்கு வரப்போகிறவர்களில் சின்னப் பிள்ளைகள் எத்தனை பேர்?” என்று கேட்டான். நான் அதை யோசித்தே வைக்கவில்லை. “மூன்று” என்றேன். அவன் தன் பங்கிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக் கிணற்றுப் பக்கம் வைத்தான்.

அப்போது எனக்கு 2014-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்த காலம். நான் தமிழ்ப்பள்ளி மாணவன். எங்கள் அடுக்குமாடியில் அம்மா வாளிகளை வரிசையாக நிரப்பி வைப்பார். அவற்றில் ஒன்றை நான்தான் மேல்மாடிப் பாட்டி வீட்டுக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். “நமக்கே பத்தாதேம்மா” என்று முணுமுணுப்பேன். “அவங்களால தூக்க முடியாது, நீ தூக்கு” என்பார் அம்மா. பாலைவனத்தைப் பார்த்ததே இல்லை, எப்படி நடத்துவது என்று கவலைப்பட்டேன். ஆனால், எனக்கு வேண்டியது அந்த ஒரு வாளியில் இருந்திருக்கிறது.

வராமல் போன இருவரும் இப்போது வாராவாரம் வருகிறார்கள். நீங்களும் ஆடிப் பாருங்கள், நண்பர்களே. புளியங்கொட்டைகளை மட்டும் மறந்துவிடாதீர்கள்.