கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?

2023 அக்டோபரில் திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது. அரசும் விளையாட்டுச் சம்மேளனமும் சேர்ந்து நடத்திய பெரிய ஏற்பாடு அது. இங்கே பேச்சு அதைப் பற்றியல்ல. ஒரு வாட்ஸ்அப் குழு, தெரிந்தவரின் எஸ்டேட், தலைக்கு ஐந்நூறு ரூபாய் கட்டணம், டீ-சர்ட்டுக்கு ஊர் ஜவுளிக்கடை ஸ்பான்சர் என்று கோவை, நீலகிரி, கொடைக்கானல் பக்கம் ஆர்வலர்களே கூடி நடத்தும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைப் பற்றியது. நல்ல முயற்சிதான். ஆனால் அந்தப் பந்தயங்களின் விண்ணப்பப் படிவத்தில் கடைசியாக ஒரு வரி இருக்கும்: "எனக்கு எது நேர்ந்தாலும் அமைப்பாளர்கள் பொறுப்பல்ல." அதன் கீழ் கையெழுத்து வாங்கிவிட்டு, தாயத்துக் கட்டியதுபோல நிம்மதியாகிவிடுகிறார்கள்.

மலைச்சரிவில் ஓட்டினால் விழத்தான் செய்வோம். ஈரப்பாறையில் டயர் வழுக்கும், வேர் தட்டும், முந்த வருபவர் இடிப்பார். இவற்றைத் தெரிந்தே வந்தேன் என்பதற்கு அந்தக் கையெழுத்து சாட்சி; நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பு உண்டு. இறக்கம் முடியும் இடத்தில் முள்கம்பி வேலி இருந்தும் ஒரு மெத்தைகூடக் கட்டாமல் விட்டது, பந்தயம் ஓடும் பாதையில் எஸ்டேட் ஜீப் எதிரே வந்தது, முதலுதவிக்கு ஒருவரும் இல்லாதது ஆகியவை வேறு கணக்கு. இவை நடத்தியவர்களின் கவனக்குறைவு. கவனக்குறைவால் உயிர் போனால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அந்த வழக்கை நடத்துவது அரசு. இறந்தவர் எப்போதோ போட்ட கையெழுத்து அரசின் கையைக் கட்டாது. "நாங்கள் காசுக்குச் செய்யவில்லை, சேவையாகத்தான் செய்தோம்" என்று சொன்னால் நீதிபதி மனம் இளகலாம். பொறுப்பு மட்டும் நீங்காது.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் ஓட்டும் பிரிவில் அந்த வரிக்கு இன்னும் பலம் குறைவு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன்படி மைனர் ஒப்பந்தமே செய்ய முடியாது. அப்படிச் செய்தது செல்லாது என்று அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்பாவோ அம்மாவோ போடும் கையெழுத்து, பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்ற அளவில் பயன்படும். பிள்ளைக்கு உள்ள இழப்பீட்டு உரிமையை அது விட்டுக்கொடுத்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

கட்டணம் வாங்கினால் ஓட்டுபவர் நுகர்வோர் ஆகிறார். லாபம் இல்லை, வசூலைவிடச் செலவுதான் அதிகம் என்பதெல்லாம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் முன் எடுபடாது. முழுக்க இலவசமாக நடத்தினால் அந்தச் சட்டம் வராது. அப்போதும் சிவில் நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கிறது. அடுத்து எழும் கேள்வி, யார்மீது வழக்கு என்பது. வாட்ஸ்அப் குழுவுக்குச் சட்டத்தில் முகம் கிடையாது. காவல் நிலையத்தில் அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்தவர், ஜிபே எண் கொடுத்தவர் என்று நான்கைந்து பேர் தனித்தனியாக மாட்டுவார்கள். குழுவுக்கு அந்த முகம் வேண்டுமானால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். வரவு செலவும் அப்போது சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே நடக்கும். வருடாவருடம் பந்தயம் நடத்த நினைப்பவர்கள் அந்த அலைச்சலுக்குச் சோம்பக்கூடாது.

இனி நிலம். நம் மலைகளில் பட்டா நிலம் எங்கே முடிகிறது, காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. எஸ்டேட் மேனேஜர் "தாராளமா ஓட்டுங்க" என்று சொன்ன பாதையில் அரை கிலோமீட்டர் வனத்துறையுடையதாக இருக்கலாம். அது சரணாலயமாக இருந்தால், அனுமதியில்லாமல் நுழைவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி குற்றம். அதில் சிக்குவது அமைப்பாளர் மட்டுமல்ல, உள்ளே ஓட்டியவரும்தான். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு அதே ஆண்டில் காட்டுக்குள் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகளே வந்தன. ஆகவே பாதை வரைபடத்தோடு ரேஞ்சர் அலுவலகம் போய் எழுத்தில் பதில் வாங்குங்கள். தீப்பருவமான கோடை மாதங்களைத் தவிருங்கள். வெயிலுக்குப் பயந்து விடியற்காலையில் பந்தயம் தொடங்குவது வழக்கம். யானையும் காட்டுமாடும் பாதையைக் கடக்கும் நேரமும் அதுதான். தோட்டத் தொழிலாளர்களையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் கேட்டால், எந்தச் சோலையோரம் எத்தனை மணிக்கு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டவருபவர்களும் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் யாரும் கோபப்படத் தேவையில்லை.

சின்ன விஷயங்கள் இரண்டும் உண்டு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. இரண்டையும் படிவத்திலேயே அச்சடித்துவிட்டால் அன்று காலை சோதனைச்சாவடியில் சண்டை இருக்காது.

அடுத்து வானிலை. சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நூறு கிலோமீட்டர் மலை ஓட்டப் பந்தயத்தில் 172 பேர் ஓடினார்கள். திடீரென அடித்த ஆலங்கட்டி மழையிலும் குளிர்காற்றிலும் விறைத்து 21 பேர் இறந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேற்சட்டை கட்டாயமாக்கப்பட்டிருக்கவில்லை. ஆபத்து முற்றிய பகுதிக்கு வண்டி போகப் பாதையும் இல்லை. நம் மலையில் அவ்வளவு குளிர் இல்லைதான். ஆனால் இடி மழை உண்டு, மண்சரிவு உண்டு. பந்தயத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று முன்னதாகவே ஒரே ஒருவரை முடிவு செய்யுங்கள். அந்த ஒருவர் ஸ்பான்சராகவோ பரிசளிக்க வரும் பிரமுகரின் உறவினராகவோ இருக்க வேண்டாம்.

எல்லாரும் மறந்துபோகும் ஆள் வளைவில் விசிலோடு நிற்கும் தன்னார்வலர். ஓட்டுபவர்களுக்காவது ஹெல்மெட், நம்பர், படிவம் இருக்கின்றன. இவர் வேலையாள் அல்ல என்பதால், அடிபட்டால் தொழிலாளர்களுக்குச் சட்டம் தரும் இழப்பீடு இவருக்குக் கிடைக்காது. எனவே தன்னார்வலர்களையும் சேர்த்துக் குழு விபத்துக் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தவர்கள் பாலிசியில் பந்தயம், சாகச விளையாட்டு பற்றிய விலக்குகளை வரிவரியாகப் படிக்க வேண்டும். பந்தய விபத்துக்குப் பணம் தராத பாலிசியை வாங்கிவைத்துக்கொண்டு பயனில்லை. சொந்த மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்கு, சாகச விளையாட்டைத் தொழிலாகச் செய்பவர்களுக்குத்தான். பொழுதுபோக்காக ஓட்டி விழுந்தவரின் கோரிக்கையை அந்த விலக்கைக் காட்டி நிராகரித்தால் எதிர்த்துக் கேளுங்கள்.

வளைவில் நிற்பவர் இன்னும் சிலவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஆபத்தான இடத்தில் தனியாக நிற்கமாட்டேன், இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லலாம். அடுத்த வளைவில் நிற்பவர் கண்ணுக்கோ காதுக்கோ எட்ட வேண்டும். மலை மடிப்புகளில் செல்போன் சிக்னல் இருக்காது. வாக்கிடாக்கி வாடகைக்குக் கிடைக்கும். பாதை பொதுச்சாலையைக் கடந்தால், பஸ்ஸையோ லாரியையோ நிறுத்தும் அதிகாரம் தன்னார்வலருக்கு இல்லை. அது போலீஸின் வேலை. போலீஸ் வராவிட்டால் நிறுத்த வேண்டியது சைக்கிளை. நேரம் கணக்கிடுபவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

யாராவது விழுந்து எழாமல் கிடந்தால் முதலில் பின்னால் வருபவர்களை நிறுத்துங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்ற சந்தேகம் இருந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், மூச்சுத் திணறினாலொழிய. தலையில் அடிபட்டு மலங்க விழிப்பவர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார். அவரை மீண்டும் ஏறவிடக் கூடாது. 108 வண்டி, சாலை இருக்கும் இடம் வரைதான் வரும். அங்கிருந்து ஸ்ட்ரெச்சர் தூக்கப்போகும் நான்கு பேர் யார் என்பது முதல்நாளே தெரிந்திருக்க வேண்டும். உதவப்போய் நம்மீதே வழக்கு வருமோ என்ற பயம் பலருக்கு. நினைவில்லாதவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த செயல் குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு நிபந்தனைகளோடு பாதுகாப்புத் தருகிறது.

ஆஸ்பத்திரியில் "போலீஸ் கேஸ், முதலில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால், அது 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்கு விரோதம். உயிர் காக்கும் சிகிச்சை முதலில், காகிதம் பிறகு. சிகிச்சை தொடங்கியதும் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) நகல், காவல் நிலையத்தில் புகாருக்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது, கட்டணம் கட்டிய அத்தாட்சி, விழுந்த இடத்தின் படங்கள் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். படங்களை அன்றைக்கே எடுக்க வேண்டும், மாலைக்குள் ரிப்பனும் அம்புக்குறிகளும் அவிழ்க்கப்பட்டுவிடும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டாண்டு அவகாசம். வழிகாட்ட 1915 எண் உண்டு. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-ஐ அழைத்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைக் கேட்கலாம்.

நடத்துபவர்கள் பக்கமும் காகிதம் வேண்டும்: அனுமதிகள், காப்பீடு, முதல்நாள் பாதையைச் சரிபார்த்த குறிப்பு, நடந்த விபத்துகள் பற்றிய பதிவு. மைனராக ஓட்டியவர் பதினெட்டு நிரம்பிய பிறகும் மூன்றாண்டுவரை வழக்குப் போடக் காலவரம்புச் சட்டம் இடம் தரலாம் என்பதால், பதினைந்து வயதுப் பையனின் படிவத்தை அவனுக்கு இருபத்தொன்று முடியும்வரை பீரோவில் வைத்திருங்கள்.