பேட்டில் ராப்பில் முன்தயாரிப்பும் உடனடிப் புனைவும்

பேட்டில் ராப் என்பது இரண்டு ராப் கலைஞர்கள் பார்வையாளர் முன்னிலையில் எதிரெதிரே நின்று, இயைபுள்ள வரிகளால் ஒருவரையொருவர் தாக்கும் போட்டி ஆகும். இது அமெரிக்க ஹிப் ஹாப் பண்பாட்டில், நியூயார்க் நகரில் உருப்பெற்றது. இவ்வரிகள் மேடையிலேயே பிறந்தவையா, முன்பே எழுதி மனப்பாடம் செய்தவையா என்ற ஐயம் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு எழும். இன்றைய ஆங்கிலப் போட்டிகளில் பெரும்பகுதி முன்பே எழுதப்பட்டதே. ஆயினும் எழுதாமல் வரும் சில வரிகள் ஒரு போட்டியின் போக்கையே மாற்றிவிடுவதுண்டு.

குழப்பத்துக்கு ஒரு காரணம் 'ஃப்ரீஸ்டைல்' என்ற சொல். இன்று அது நின்ற இடத்தில் புனைந்து பாடுவதை, அதாவது தமிழில் ஆசுகவி என்று நாம் சொல்வதைப் போன்ற ஒன்றைக் குறிக்கிறது. 1980களில் பொருள் வேறு. குறிப்பிட்ட கருப்பொருள் எதுவுமின்றித் தன் திறமையைக் காட்ட எழுதிய வரிகளே அப்போது ஃப்ரீஸ்டைல் எனப்பட்டன என்று அக்காலக் கலைஞரான பிக் டாடி கேன் விளக்கியுள்ளார். ஆகவே, 'அந்தக் காலத்தில் எல்லோரும் மேடையிலேயே புனைந்தார்கள், இப்போதுதான் எழுதிவைத்துக்கொண்டு வருகிறார்கள்' என்ற புலம்பலை அப்படியே ஏற்க முடியாது.

1981 டிசம்பரில் ஹார்லெம் வேர்ல்ட் அரங்கில் பிஸி பீயை கூல் மோ டீ எதிர்கொண்ட நிகழ்வு இக்கலையின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. பிஸி பீ கூட்டத்தைக் கலகலப்பாக்குவதில் வல்லவர். அவருக்குப் பின் மேடையேறிய கூல் மோ டீ, அவருடைய பாணியையே குறிவைத்து அடர்த்தியான வரிகளால் தாக்கினார். கூட்டத்தை மகிழ்விப்பதோடு எதிராளியை வீழ்த்துவதும் ராப் கலைஞரின் வேலை என்றாயிற்று.

1990களின் போட்டிகள் பெரும்பாலும் வெளியேற்றுச் சுற்றுகளாக நடந்தன. டிஜே ஒலிக்கவிடும் இசைக்கு ஏற்பக் குறுகிய நேரமே பாட வேண்டும். அடுத்த சுற்றில் எதிரே நிற்கப்போவது யார் என்றும் தெரியாது. யாருக்கும் பொருந்தும் சில வசைகளைக் கைவசம் வைத்திருக்கலாமே தவிர, குறிப்பிட்ட எதிராளிக்கென எழுதிவர வழியில்லை. சின்சினாட்டியின் ஸ்கிரிபிள் ஜாம் இவ்வகைப் போட்டி. 1997இல் அதன் இறுதிச் சுற்றில் எமினெம் ஜூஸ் என்பவரிடம் தோற்றார். எமினெம் நடித்த '8 மைல்' (2002) திரைப்படம் இந்தச் சூழலையே காட்டுகிறது. அதன் இறுதி மோதலில் நாயகன் தன் குறைகளை எல்லாம் தானே முந்திக்கொண்டு சொல்லிவிட, எதிராளியிடம் சொல்ல ஒன்றும் மிஞ்சுவதில்லை.

2008 வாக்கில் நிலைமை மாறியது. அமெரிக்காவில் கிரைண்ட் டைம், யூஆர்எல், கனடாவில் கிங் ஆஃப் தி டாட், பிரிட்டனில் டோன்ட் ஃப்ளாப் ஆகிய அமைப்புகள் அடுத்தடுத்துத் தோன்றின. இவற்றில் இன்னாருடன் இன்னார் என்பது முன்பே அறிவிக்கப்படும். பின்னணி இசை கிடையாது. பொதுவாக மூன்று சுற்றுகள். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள் நீளும். பதிவுகள் யூடியூபில் ஏறும் என்பதால், ஒரே வரியை இன்னொரு எதிராளியிடம் சொன்னால் ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு எதிராளிக்கும் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. அவருடைய பழைய மோதல்களையும் சொந்த வாழ்க்கையையும் துருவி ஆராய்வதும், பல பொருள் தரும் சிலேடைகளைக் கோப்பதும் வேலையின் பாதி. 2012இல் கேலிகோவுடன் மோதிய லோடட் லக்ஸ், அதை எதிராளியின் இறுதிச் சடங்காகவே அமைத்துச் சவப்பெட்டியோடு வந்தார். இத்தகைய காட்சியை நின்ற இடத்தில் உருவாக்க முடியாது.

ஆனால் எழுதியதை நினைவில் நிறுத்தியாக வேண்டும். வரி மறந்து திணறுவது இக்கலையில் பெரிய அவமானம். அதே 2012இல் டிஸாஸ்டருடன் மோதிய கேனிபஸ், புகழ்பெற்ற மூத்த பாடலாசிரியர். மேடையிலேயே குறிப்பேட்டை எடுத்துப் பார்த்துப் படித்தார். பார்வையாளர்கள் அதை மன்னிக்கவில்லை. எழுதிவந்ததற்காக அல்ல, எழுதியது கண்ணுக்குத் தெரிந்துவிட்டதற்காகவே அவர் கேலிக்குள்ளானார் என்று கொள்வதே பொருத்தம்.

எதிராளி சற்றுமுன் சொன்னதைப் பிடித்து, தன் சுற்றின் தொடக்கத்தில் உடனே திருப்பியடிப்பது மறுப்பு வரி. இலக்கணச் சுத்தம் குறைந்தாலும் இதற்குக் கைதட்டல் கூடுதல். இரண்டாவதாகப் பேசுபவருக்கு இதில் வாய்ப்பு அதிகம் என்பதால், யார் முதலில் என்பது முக்கியமாகிறது. எதிராளி எதைச் சொல்வார் என்று ஊகித்து, மறுப்பையே வீட்டில் எழுதிவருபவர்களும் உண்டு!

இரு முறைகளின்போதும் மூளை வெவ்வேறு விதமாக இயங்குகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள் 12 ராப் கலைஞர்களை மூளை வரைவுக் கருவியில் படுக்கவைத்துப் பாடச் செய்து, 2012இல் முடிவை வெளியிட்டனர். மனப்பாட வரிகளோடு ஒப்பிட, உடனடிப் புனைவின்போது முன்மூளைப் புறணியின் நடுப்பகுதி கூடுதலாக இயங்கியது. தன்னைத்தானே கண்காணித்துக் கட்டுப்படுத்தும் பக்கவாட்டுப் பகுதிகள் அடங்கின.

ஸ்பானிய மொழி உலகம் வேறு வழியில் சென்றது. 2005இல் தொடங்கிய ரெட் புல் போட்டியும், 2017இல் ஸ்பெயினில் தொடங்கிய எஃப்எம்எஸ் லீக்கும் உடனடிப் புனைவையே மையமாகக் கொண்டவை. பாடிக்கொண்டிருக்கும்போதே திரையில் சொற்கள் தோன்றும். அவற்றை வரிகளில் இணைத்தாக வேண்டும். இதனால் முழுச் சுற்றையும் எழுதிவருவது பயன்படாது. இங்கும் தயாரிப்பு இல்லாமல் இல்லை: ஒத்து ஒலிக்கும் சொற்களைக் கூட்டம் கூட்டமாகப் பழகிவைப்பதும், முடிவு வரியை முதலில் யோசித்து அதை நோக்கி மற்ற வரிகளை நகர்த்துவதும் அன்றாடப் பயிற்சியாகச் செய்யப்படுகின்றன.