பேக்கனைத் தேடிப் போனவர்கள்

சிகாகோவின் நியூபெரி நூலகத்துக்கு 1916ல் வேலை தேடி வந்தார் எலிசபெத் ஸ்மித் என்ற 23 வயதுப் பெண். 1623ல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பைப் பார்க்கும் ஆசையும் இருந்தது. நூலக ஊழியர் போன் செய்ய, காரில் வந்து இறங்கினார் ஜார்ஜ் ஃபேபியன் என்ற ஜவுளிக் கோடீஸ்வரர். வேலை கிடைத்தது. விசித்திரமான வேலை: அந்த நாடகங்களை எழுதியவர் ஃபிரான்சிஸ் பேக்கன் என்று நிரூபிக்க வேண்டும்.

கையுறை செய்பவரின் மகன், கல்லூரி வாசலை மிதிக்காதவர், இவ்வளவு எழுதியிருக்க முடியுமா? சந்தேகத்தின் அடியில் இருந்தது மேட்டுக்குடி மனோபாவம்தான். 1857ல் டெலியா பேக்கன் (உறவினர் அல்ல) இதைப் புத்தகமாக்கினார். ஆர்வில் ஓவன் என்ற டாக்டர் மூலப்பிரதிகளைத் தேடி இங்கிலாந்தின் வை நதிப் படுகையையே தோண்டினார். பிரதி ஏதும் அகப்படவில்லை.

ஃபேபியன் நம்பியது எலிசபெத் காலப் என்ற அம்மையாரை. பேக்கன் ஒரு சங்கேத முறையைக் கண்டுபிடித்தது உண்மை. ஒவ்வொரு எழுத்துக்கும் 'அ', 'ஆ' என்ற இரண்டே குறிகளால் ஆன ஐந்து இலக்கக் கோவை. இரண்டு வகை அச்செழுத்துகளைக் கலந்து கோர்த்தால் எந்த வாக்கியத்துக்குள்ளும் செய்தியை ஒளிக்கலாம். முதல் தொகுப்பில் அப்படி ஒளிந்திருந்த பேக்கனின் சுயசரிதையையே காலப் படித்தார்! அவர் எலிசபெத் ராணியின் ரகசிய மகனாம்.

பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்த புதிய பெண்ணுக்கு அந்த வித்தியாசங்கள் தெரியவில்லை. மரபியல் ஆய்வுக்காக அங்கே வந்திருந்த வில்லியம் ஃப்ரீட்மனுக்கும் தெரியவில்லை. 1917ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அதே வருடம் அமெரிக்கா உலகப் போரில் குதித்தது. எதிரியின் தந்திகளை உடைக்க ராணுவத்தில் ஆளில்லை. ஃபேபியனின் பண்ணையில் இருந்தார்கள். 1940ல் ஜப்பானின் 'பர்ப்பிள்' சங்கேதத்தை உடைத்தது வில்லியமின் குழு. மதுக் கடத்தல்காரர்களின் ரேடியோ செய்திகளை உடைத்தார் எலிசபெத்.

1957ல் தம்பதி தங்கள் முதல் வேலைக்குத் தீர்ப்பு எழுதினார்கள். உண்மையான சங்கேதம் என்றால், தனித்தனியே உடைக்கும் இருவருக்கும் ஒரே விடை வர வேண்டும். காலப்பின் வித்தியாசங்களை அவரைத் தவிர யாராலும் பார்க்க முடியவில்லை. தேய்ந்த அச்செழுத்து, ஈரத்தாள், சீரற்ற மை எல்லாம் சேர்ந்து செய்த மாயம். பேக்கன் கட்சி கொண்டாடிய 27 எழுத்து லத்தீன் வார்த்தையும் இடைக்காலத்திலேயே புழக்கத்தில் இருந்ததுதான்.

அந்தப் புத்தகத்திலேயே தம்பதி பேக்கன் முறையில் ஒரு செய்தியை ஒளித்தார்கள்: நாடகங்களை நான் எழுதவில்லை, இப்படிக்கு பேக்கன்!

வில்லியம் 1969ல் இறந்தார். ஆர்லிங்டன் கல்லறையில் அவர் பெயருக்குக் கீழே 'அறிவே ஆற்றல்' என்ற வாசகம். அதன் சில எழுத்துகளுக்கு மட்டும் ஓரக்கொடுக்கு உண்டு. அதையும் பேக்கன் முறையில் படிக்க வேண்டும் என்பது 2017ல்தான் ஒருவருக்கு உறைத்தது. விடை: வில்லியமின் முதலெழுத்துகள்.