பழைய மனிதனும் புதிய மனிதனும்

பழையதைக் களைந்து புதிய மனிதனாதல் கிறிஸ்தவ சமயத்தின் உயிர்நாடியான கருத்து. கடந்ததை மறந்துவிடுவதே அதன் பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. ஜான் நியூட்டன் என்பாரின் வாழ்க்கையே அதற்குச் சான்று.

1725ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்த நியூட்டன், அடிமை வாணிகத்தில் ஈடுபட்டிருந்த மாலுமி. 1748ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அட்லாண்டிக் கடலில் அவர் சென்ற கப்பல் புயலில் சிக்கியது. பிழைப்பது அரிது என்ற நிலையில் அவர் இறைவனிடம் இரக்கம் வேண்டினார். அந்நாளையே தம் மனமாற்றத்தின் தொடக்கமாக வாழ்நாள் முழுதும் போற்றினார். ஆயினும், நேயர்களே, அதன் பின்னரும் அவர் அடிமைக் கப்பலின் தலைவராக மூன்று முறை கடல் கடந்தார். 1754இல் உடல்நலம் குன்றியதால்தான் கடல் தொழிலை விட்டார். மனந்திரும்புதல் ஒரு நாளில் தொடங்கலாம். ஒரு நாளில் முடிந்துவிடுவதில்லை.

1764இல் குருப்பட்டம் பெற்று, ஓல்னி என்னும் ஊரில் திருப்பணி ஆற்றினார். தேவனுடைய மன்னிப்பில் அவர் கொண்ட உறுதியே, பழைய வாழ்வை மறைக்காது எடுத்துரைக்கும் துணிவையும் அளித்தது. 1788இல் அடிமை வாணிகத்தைப் பற்றிச் சிறு நூல் ஒன்று வெளியிட்டார். கப்பலின் கீழ்த்தட்டில் மனிதர் விலங்கிட்டு நெருக்கி அடைக்கப்பட்டதைத் தாம் கண்டவாறே எழுதினார். அக்கொடுமையில் தமக்கிருந்த பங்கையும் ஒப்புக்கொண்டார். 1807இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அவ்வாணிகத்தைத் தடை செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

மன்னிப்புப் பெற்றவன் தன் கடந்த காலத்துக்கு அஞ்சவேண்டுவதில்லை; ஆதலால் அதைப் பற்றி உண்மை பேச இயலும். அதன் தளையிலிருந்து விடுபட்டவன், அதற்குரிய பொறுப்பை மனமுவந்து ஏற்கிறான். புதுவாழ்வு என்று நான் கொள்வது இதனையே.