பழைய சர்வரை மாற்றுவதா, வைத்தே ஓட்டுவதா?

எங்கள் மளிகை மொத்தக் கடையில் பில் போட மூன்று கம்ப்யூட்டர், கிடங்கில் ஒன்று, கணக்குப்பிள்ளை மேஜையில் இரண்டு, ஆக ஆறு இருக்கின்றன. ஆறுக்கும் தாயாக உள் அறையில் ஒரு சர்வர், 2014-ல் வாங்கியது. சரக்கு இருப்பு, பற்று வரவு, வெளியூர் நிலுவை, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அதன் வயிற்றில்தான். அதில் ஓடிய விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 என்ற மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2023 அக்டோபர் 10-ம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு தெரியவரும் ஓட்டைகளை அடைத்துத் தருவது, தனியாகப் பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டுமே. அதுவும் மூன்று ஆண்டுக்குத்தான்.

ஓடுகிறதை எதற்கு மாற்றுவானேன் என்றுதான் நாங்களும் இருந்தோம். 2024 ஜனவரி. வத்தல் வரத்துக்கு ரொக்கம் சேர்த்துக்கொண்டிருந்த நேரம். சர்வீஸ் பார்ப்பவர்கள் கொடுத்த விலைப்புள்ளியில் 4,40,000 ரூபாய் என்றிருந்தது. மிளகாயில் போட வேண்டிய முதலை இரும்புப் பெட்டியில் போடச் சொன்னால் எந்த வியாபாரிக்கு மனம் வரும்? மடித்து டிராயரில் வைத்துவிட்டோம்.

ஒரு நாள் கரண்ட் போய் வந்த பிறகு சர்வர் எழுந்திருக்க அரை மணி நேரம் ஆயிற்று. எழுந்திருக்காமலே போனால் என்ன செய்வது என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது. தினமும் நகல் எடுத்து வைப்பதாக நாங்கள் நம்பிய டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் திறக்கச் சொன்னோம். கடைசி நகல் எட்டு மாதத்துக்கு முந்தையது! டிஸ்க் நிறைந்து நகல் எடுப்பது நின்றிருக்கிறது. திரையில் வந்த அறிவிப்பை யாரும் படிக்கவில்லை. எட்டு மாத நிலுவை, எந்த ஊர்க் கடை எவ்வளவு தர வேண்டும் என்பது, அந்த ஒரு பெட்டியில் மட்டும் இருந்தது. அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் இல்லை.

மறுநாளே இரண்டு டிஸ்க் வாங்கினோம். செலவு பத்தாயிரத்துக்குள். ஒன்று கடையில், ஒன்று இரவு வீட்டுக்குப் போகும். மாதம் ஒருமுறை நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து இருப்பையும் நிலுவையையும் ஒத்துப் பார்க்கிறோம். நகல் எடுத்ததும் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களிலுள்ள கணக்குகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு அடைப்பு அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். இம்மாதிரி வைரஸ் வந்தால், செருகியே கிடக்கும் டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். சர்வருக்கு இன்டர்நெட்டையும் துண்டித்துவிட்டோம்.

பிறகுதான் டிராயரிலிருந்த விலைப்புள்ளியை எடுத்து, கொள்முதல் பட்டியலைப் பார்ப்பதுபோல வரி வரியாகப் பார்த்தோம். கம்ப்யூட்டர் ஆறு இருக்க, பயன்படுத்தும் உரிமம் பதினைந்து பேருக்குப் போட்டிருந்தது. விண்டோஸ் சர்வர் 2022-ல் எசென்ஷியல்ஸ் என்று சிறு கடைகளுக்கான பதிப்பு உண்டு. புதுப் பெட்டியோடு சேர்த்துத் தருவார்கள். 25 பேர் வரை தனி உரிமம் வேண்டாம். 2031 அக்டோபர் வரை அடைப்புகள் வரும். கணக்குகளைச் சேமிக்கும் எஸ்.கியூ.எல். சர்வருக்கு மட்டும் பெரிய தொகை கேட்டிருந்தார்கள். அதன் எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம், 2022 பதிப்பில் 10 ஜிபி வரை கொள்ளும். எங்கள் பத்து வருஷக் கணக்கு 3 ஜிபி கூட இல்லை! ஏமாற்று என்று சொல்ல மாட்டோம். கேட்காதவனுக்குப் பெரிய அளவாகத்தான் தைப்பார்கள். திருத்திய விலை 1,75,000 ரூபாய்க்கு வந்தது.

மாத வாடகைக்கு வெளியில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் யோசித்தோம். எங்கள் தெருவில் பள்ளம் தோண்டினால் இன்டர்நெட் இரண்டு நாள் வராது. பில் போடுவது நின்றுவிடும். லினக்ஸ் இலவசம்தான், ஆனால் எங்கள் பில் மென்பொருள் அதில் ஓடாது. புதிய விண்டோஸில் ஓடும் என்பதைக்கூட அந்த மென்பொருள்காரரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுத்தோம்.

வத்தல் கொள்முதல் முடித்து, ஏப்ரல் முதல் தேதி புதுக்கணக்கைப் புதுச் சர்வரில் தொடங்கினோம். பத்து நாள் பழையதிலும் புதியதிலும் பில் போட்டுப் பார்த்ததில் மல்லி இரண்டு மூட்டை வித்தியாசம் வந்தது. பழி கம்ப்யூட்டர் மேல் விழ இருந்தது. கிடங்கில் ஒரு சிட்டையை ஒன்றில் ஏற்றி மற்றதில் ஏற்ற மறந்திருக்கிறார்கள்.

பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடவில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். எந்த ஒயரும் மாட்டாமல் உள் அறை மூலையில் இருக்கிறது. ஆடிட்டர் பழைய பில் கேட்கும்போது மட்டும் கரண்ட் கொடுக்கிறோம்.