மருந்திடும் கைக்குக் காயம் நேர்ந்தால்...

பதுளையிலிருந்து பசறை, லுணுகலைப் பக்கமாகப் பயணஞ் செய்தோர், மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக நிற்கும் தோட்ட லயங்களைக் கண்டிருப்பர். ஆனால் வடகீழ்ப் பருவமழை கொட்டும் மார்கழி இரவில், பாசி படர்ந்த கற்படிகளில் ஏறி, பிரசவ வேதனைப்படும் தாயொருத்தியிடம் விரைந்து செல்லும் மருத்துவமாதைக் கண்டோர் மிகச் சிலரே. அவ்வம்மையார் கால் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தால் அதற்குப் பொறுப்பாளி யார்? மழையையும் விதியையும் நொந்துகொள்வதே நம்மவர் வழக்கம். சட்டமோ வேறுவிதமாகச் சொல்கிறது.

முன்னாளில், முதலாளியின் கவனக்குறைவை நிரூபித்தாலன்றித் தொழிலாளிக்கு நட்டஈடு கிடையாது. துரையை எதிர்த்து வழக்காடும் வசதி எந்தத் தொழிலாளிக்கு இருந்தது? ஜெர்மனி 1884ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து 1897ஆம் ஆண்டிலும் இந்நிலையை மாற்றின. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அக்காலத்தில் தொழில் மந்திரியாக விளங்கியவர், அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதியின் அங்கத்தவராயிருந்த திரு. பெரி சுந்தரம் அவர்கள் என்பதை மலையக மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

இச்சட்டத்தின் உயிர்நாடி ஒன்றேயாம். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்ததா என்று அது கேட்கிறது. முதலாளி குற்றவாளியா என்று கேட்பதில்லை. மதுமயக்கத்திலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியோ காயமுற்றவர் உரிமையை இழக்கக்கூடும். சாதாரணக் கவனப்பிசகு அவ்வுரிமையை அழிக்காது. தற்காலிகமாக வேலை செய்ய இயலாதவருக்கு அரைமாதக் கொடுப்பனவும், நிரந்தர ஊனமுற்றவருக்கு ஊனத்தின் அளவுக்கேற்ற தொகையும், உயிரிழந்தவரின் குடும்பத்தாருக்கு நட்டஈடும் உண்டு. 2022ஆம் ஆண்டின் திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சம் ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. வீட்டுக்கும் வேலைத்தலத்துக்குமிடையே செல்லும்போது நேரும் விபத்தையும் அது சேர்த்துக்கொண்டது.

முறிந்த எலும்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஊசி குத்திய விரல் தெரியாது. பயன்படுத்திய ஊசிக்கு மூடியிடுகையில் தாதிக்கோ, குப்பைக் கூடையை அகற்றுகையில் சிற்றூழியருக்கோ ஒரு துளி இரத்தம் கசிகிறது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். ஈரல் அழற்சி 'பி' நோயுள்ளவரிடம் பயன்பட்ட ஊசியாயின், தடுப்பூசி பெறாதவருக்கு அந்நோய் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை உண்டு. எச்.ஐ.வி. கிருமியைப் பொறுத்தவரையில் ஆயிரத்துக்கு மூன்றளவே. எனினும் தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், எவ்வாறாயினும் 72 மணிக்குள் தொடங்கி, 28 நாட்கள் உட்கொள்ளவேண்டும். நமுனுகுலையிலோ மடுல்சீமையிலோ கடமையாற்றுபவர் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட மறுநாள் வரை காத்திருத்தல் தகாது. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவவேண்டும், பிதுக்கலாகாது.

அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரல் அழற்சி வெளிப்பட ஆறு மாதமும் ஆகலாம். அப்பொழுது, "இது வேலையினால் வந்ததென்பதற்கு அத்தாட்சி என்ன?" என்ற கேள்வி எழும். விபத்து நாளில் நோய் இருக்கவில்லை என்று காட்டும் அந்தப் பரிசோதனைத் தாளும், அன்றைய திகதியிட்ட பதிவுமே அதற்கு விடையளிக்கும். கவ்வாத்துக் கத்தி காலிற் பட்ட தொழிலாளிக்கு மருந்திட்டு, நாளும் நேரமும் தவறாமற் குறித்துவைக்கும் அதே கை, தன் விரலிற் குத்திய ஊசியைக் குறிக்க ஏனோ மறந்துவிடுகிறது! "இதைப் போய்ச் சொல்வதா?" என்ற கூச்சமும், கவனமற்றவர் என்ற பெயர் வருமோ என்ற அச்சமுமே காரணம் போலும்.

இனி, யாரிடம் கேட்பது? 1992ஆம் ஆண்டில் தோட்ட நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. பின்னர்த் தோட்ட வைத்தியசாலைகள் சில அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. ஆகவே ஒரே மலையில் பணிபுரியும் இருவருக்கு இரு வேறு எசமானர் இருக்கலாம். சம்பளம் யாரிடமிருந்து வருகிறதென்பதை முதலிற் பார்க்கவேண்டும். அரசாங்க ஊழியருக்குத் தாபன விதிக்கோவை விபத்து விடுமுறையை வகுத்துள்ளது; வைத்தியசாலைத் தலைவருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். கம்பனியின் ஊழியர் தோட்ட அதிகாரிக்கு எழுத்தில் அறிவித்து, அக்கடிதத்தின் பிரதியில் திகதியுடன் கையொப்பம் பெற்றுக்கொள்ளவேண்டும். வைத்தியச் சான்றிதழையும், விபத்தைக் கண்டவரின் பெயரையும் அதனுடன் வைத்திருக்கலாம். பணம் கொடுக்க மறுத்தால், கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பிக்க வழியுண்டு. இதற்கு இரண்டாண்டுத் தவணையே உண்டு. அத்தவணை விபத்து நேர்ந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும்.