கற்பிட்டியை எந்தப் பெயரில் தேடுவது?

“எங்கள் ஊரைப் பற்றி ஆய்வே இல்லை.” புத்தளம் கடற்கரையைப் பற்றி எழுத முனையும் மாணவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. ஆய்வுகள் இருக்கின்றன. அவை வேறு பெயர்களில், வேறு துறைகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன.

முதல் சிக்கல் பெயர். தமிழில் கற்பிட்டி, இன்றைய ஆங்கில ஆவணங்களில் கல்பிட்டிய, ஒல்லாந்தர் மற்றும் பிரித்தானியர் காலப் பதிவுகளில் கல்பென்டைன். சிலாபம் ஆங்கிலத்தில் சிலோ, சிங்களத்தில் ஹலாவத்த. 1972க்கு முந்தைய நூல்களில் நாட்டின் பெயரே சிலோன். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட ‘சிலோன் கெசற்றியர்’ நூலின் தலைப்பில் ஸ்ரீலங்கா என்ற சொல் கிடையாது.

ஆகவே நான் தேடத் தொடங்குமுன் ஓர் இடத்தின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் தாளில் எழுதிக்கொள்வேன். பிறகு அவற்றை அடைப்புக்குறிக்குள் வைத்து, ‘அல்லது’ என்று பொருள்படும் ‘ஓர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இட்டு இணைத்துத் தேடுவேன். முக்குவர் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் பலவாறு எழுதுகிறார்கள். அங்கே சொல்லின் முற்பகுதியை மட்டும் எழுதி உடுக்குறி இடலாம். ஜேஸ்டோரில் இது பயன்படும். கூகுள் ஸ்கொலரில் பயன்படாது.

இரண்டாவது சிக்கல் துறை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். இதைப் புவியியலாளர் கத்ரின் புருன் 2008இலும், மானிடவியலாளர் ஷாரிகா திராணகம 2011இலும் வெளியிட்ட நூல்களில் எழுதியுள்ளனர். இரு நூல்களின் தலைப்பிலும் புத்தளம் இல்லை. தலைப்பை மட்டும் தேடுபவருக்கு இரண்டுமே தப்பிவிடும். பொருள் தலைப்புகளிலும் முழு உரையிலும் தேட வேண்டும். அதே மக்களின் உளநலம் பற்றிய ஆய்வுகளுக்கு மருத்துவத் தரவுத்தளமான பப்மெட்டுக்குப் போக வேண்டும். ‘வெளியேற்றம்’, ‘இடப்பெயர்வு’, ‘உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்’ என ஒவ்வொரு துறையும் பாவிக்கும் சொல்லை ஆங்கிலத்தில் தனித்தனியே போட்டுப் பார்ப்பது அவசியம்.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் அடிக்குறிப்புகள் பழைய ஆய்வுகளைக் காட்டும். அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் புதியவற்றைக் காட்டும்.

இவ்வளவும் பெரும்பாலும் ஆங்கிலம். ஊர்மக்கள் தாமே எழுதியவற்றுக்கு, 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இருக்கிறது. பத்திரிகைகள், சிறப்பு மலர்கள், பிரதேச வரலாறுகளைத் தமிழிலேயே அங்கே தேடலாம். உள்ளூர்ப் பல்கலைக்கழக ஆய்விதழ்களுக்கு ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ தளம் உண்டு, கட்டணம் இல்லை.

புத்தளம் களப்பின் மீன்பிடி, நுரைச்சோலை அனல்மின் நிலையம், மீள்குடியேற்றம் எல்லாவற்றிலும் முடிவெடுப்பவர்கள் ஆவணம் கேட்கிறார்கள். ‘தரவு இல்லை’ என்று நாமே எழுதிவிட்டால், அவர்களுடைய வேலை சுலபமாகிவிடும்.